முதல் டி.எஸ்.எல்.ஆர். காமிராவுக்கு லென்சுகளும் துணைக்கருவிகளும்

வயலிலும் காட்டிலும் வகுப்பறையிலும் பணிபுரிவோருக்குக் காமிரா இன்று குறிப்பேட்டைப் போன்றதொரு பதிவுக்கருவி ஆகும். குறிப்பேட்டில் எழுதியது படிக்கக்கூடியதாய் இருத்தல் வேண்டும் என்பது போலவே, எடுத்த படமும் பிறர் பார்த்து முடிவு கூறத்தக்கதாய் இருத்தல் வேண்டும். அழகிய படம் வேறு. சான்றாகப் பயன்படும் படம் வேறு.

இதற்குக் கோதுமைப் பயிரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பஞ்சாப், அரியானா மாநிலங்களிலும் இமயமலை அடிவாரப் பகுதிகளிலும் குளிர்காலத்தில் கோதுமையை மஞ்சள் துரு நோய் தாக்குவதுண்டு. வளர்ந்த பயிரில் இந்நோயின் கொப்புளங்கள் இலை நரம்புகளை ஒட்டி மஞ்சள் நிறக் கோடுகளாக அமைகின்றன. பழுப்புத் துரு நோயிலோ கொப்புளங்கள் இலைப்பரப்பில் சிதறிக் காணப்படும். தழைச்சத்துக் குறைவால் மஞ்சளாகும் இலையில் கொப்புளமே இராது. ஆகவே, இம்மூன்றையும் பிரித்தறிய உதவும் அடையாளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே உடையது. விரிவாக்கப் பணியாளர் அனுப்பும் படத்தில் அவ்வடையாளம் தெரியாவிடில், கர்னாலிலுள்ள கோதுமை, பார்லி ஆராய்ச்சி நிறுவனத்து நிபுணரும் அப்படத்தைக்கொண்டு முடிவு கூற இயலாது. பணியாளர் மீண்டும் வயலுக்குச் செல்ல வேண்டும். தக்க குளிர்ச்சியும் ஈரமும் இருப்பின் ஏறக்குறைய இரண்டு வாரத்துள் புதிய வித்துகள் தோன்றிக் காற்றில் பரவிவிடும். முடிவு தெரியுமுன்பே மருந்து தெளித்தாலோ, நோயில்லாத வயலிலும் உழவர் பணம் வீணாகக்கூடும்.

இத்தகைய குறை பெரும்பாலும் காமிராவின் விலைக்குறைவால் ஏற்படுவதன்று. பணிக்குப் பொருந்தாத லென்சைக் கையாளுவதாலும், இருக்கும் லென்சைத் தக்க தூரத்தில் பயன்படுத்தாமையாலும் ஏற்படுவதாகும். எனவே, படமெடுக்க வேண்டிய பொருளின் அளவையும் அது இருக்கும் தூரத்தையும் முதலில் அறிந்து, எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்த்த பின்னரே லென்சு வாங்க வேண்டும். அக்கணக்கும், அதையொட்டி லென்சுகளையும் துணைக்கருவிகளையும் தேர்ந்தெடுக்கும் முறையும் இங்கே விளக்கப்படுகின்றன.

காமிராவின் அமைப்பு

டி.எஸ்.எல்.ஆர். என்பது டிஜிட்டல் ஒற்றை லென்சுப் பிரதிபலிப்புக் காமிராவைக் குறிக்கும். இதில் லென்சின் வழியே வரும் ஒளி ஒரு சாய்வான ஆடியில் பட்டு மேலே திரும்பி, ஐங்கோணப் பட்டகம் அல்லது ஆடித்தொகுதியின் வழியாகக் கண்ணை அடைகிறது. பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலெழும், ஷட்டர் திறக்கும், ஒளி சென்சார் எனப்படும் ஒளியுணர் தகட்டில் விழும். படம் பதியும் அதே லென்சின் வழியாகவே பார்க்கவும் முடிவதாலும், லென்சைக் கழற்றி வேறொன்றை மாட்டக் கூடுமாதலாலும் இக்கருவி பல்வகைப் பணிகளுக்கும் பொருந்துகிறது.

சென்சாரின் அளவு கவனிக்கத்தக்கது. முழுச்சட்டக் காமிராவில் அது 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் உடையது. தொடக்க நிலையினர் வாங்கும் பெரும்பாலான காமிராக்களில் சென்சார் இதைவிடச் சிறியது. நிக்கான் காமிராக்களில் ஏறக்குறைய 23.5 × 15.6 மி.மீ., கேனன் காமிராக்களில் ஏறக்குறைய 22.3 × 14.9 மி.மீ. ஆகும். சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் ஏற்பதால், லென்சின் பார்வைக்கோணம் குறுகுகிறது. நிக்கானில் 1.5 மடங்கும் கேனனில் 1.6 மடங்கும் நீண்ட குவியத்தூரமுள்ள லென்சை முழுச்சட்டக் காமிராவில் மாட்டியதற்கு அது ஒப்பாகும். இக்கட்டுரையின் கணக்குகள் யாவும் 23.5 மி.மீ. அகலச் சென்சாரில் 6000 × 4000 படப்புள்ளிகள் அமைந்த காமிராவுக்கு உரியவை. அதில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 255 புள்ளிகள் அமைகின்றன.

உருவின் அளவைக் கணக்கிடுதல்

பொருள் லென்சின் குவியத்தூரத்தைப் போல் பல மடங்கு தொலைவில் இருக்கும்போது, உருப்பெருக்கம் என்பது குவியத்தூரத்தைப் பொருளின் தூரத்தால் வகுத்து வரும் எண்ணுக்கு ஏறக்குறையச் சமம். இரண்டையும் மில்லிமீட்டரில் கொள்ள வேண்டும். பொருளின் அளவை உருப்பெருக்கத்தால் பெருக்கினால் சென்சாரில் விழும் உருவின் அளவு கிடைக்கும். அதனை 255ஆல் பெருக்கினால் அவ்வுரு எத்தனை புள்ளிகளில் பதியும் என்பது தெரியும்.

ஒரு நுண்கூறு ஐயமின்றி அறியப்பட, அதன் குறுக்கே குறைந்தது 10 புள்ளிகளாவது அமைதல் நன்று. இதை ஒரு நடைமுறை வழிகாட்டியாகவே கொள்ள வேண்டும். கை நடுங்கினாலும், குவியம் பிசகினாலும், ஒளி குறைந்தாலும் அதற்கு மேலும் புள்ளிகள் தேவைப்படும்.

மேற்கூறிய கோதுமை இலையை 55 மி.மீ. குவியத்தூரத்தில், ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுப்பதாகக் கொள்வோம். உருப்பெருக்கம் 0.055. ஒரு மில்லிமீட்டர்க் கொப்புளம் சென்சாரில் 0.055 மி.மீ. அளவாகும், அதற்குக் கிடைப்பவை 14 புள்ளிகள் மட்டுமே. கொப்புளம் அரை மில்லிமீட்டராயின் 7 புள்ளிகளே. காற்றில் அசையும் இலைக்கு இது போதாது. இக்குறைக்குப் புதிய லென்சு வேண்டுமா என்பது அடுத்து ஆராயப்படுகிறது.

காமிராவுடன் வரும் லென்சு

தொடக்கநிலைக் காமிராக்களுடன் பொதுவாக 18-55 மி.மீ. ஜூம் லென்சு ஒன்று வருகிறது. இதனை மட்டமானதெனக் கருதி ஒதுக்குவோர் உளர். அக்கருத்து சரியன்று. 18 மி.மீ. முனையில் இதன் கிடைமட்டப் பார்வைக்கோணம் ஏறக்குறைய 66 பாகை, 55 மி.மீ. முனையில் 24 பாகை. வயலின் முழுத் தோற்றம், மண்ணின் வெட்டுமுகம், பள்ளித் தோட்டம், மரத்தின் வடிவம், மனித உருவம் ஆகிய யாவும் இவ்வெல்லைக்குள் அடங்கும்.

இந்த லென்சு மிக அண்மையிலும் குவியும். இவ்வகை லென்சுகள் பலவும் 55 மி.மீ. முனையில், மிகக் குறைந்த குவியத் தூரத்தில், பொருளின் மூன்றில் ஒரு பங்கு அளவான உருவைத் தருகின்றன. அந்தக் குறைந்த தூரம் 25 முதல் 28 செ.மீ. வரை இருக்கும், இது லென்சின் முகப்பிலிருந்து அன்று, சென்சார்த் தளத்திலிருந்து அளக்கப்படுவது. அத்தளத்தைக் காட்ட, காமிராவின் மேற்புறத்தில் குறுக்குக்கோடிட்ட வட்டக்குறி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே, லென்சின் முகப்பு இலைக்குச் சற்றேறக்குறைய ஒரு சாண் தொலைவுக்குள் வருமாறு நெருங்க வேண்டும். அவ்வாறு நெருங்கினால், ஒரு மில்லிமீட்டர்க் கொப்புளம் 85 புள்ளிகளில் பதியும். ஒரு மீட்டர் தூரத்தில் பயனற்றதாயிருந்த அதே லென்சு, அண்மையில் சென்றவுடன் பயனுள்ளதாகிவிடுகிறது.

எனவே, முதல் காமிராவைப் பெற்றவர் மூன்று மாதமேனும் இவ்வொரு லென்சைக்கொண்டே பணிசெய்து, எப்படங்கள் பயன்படாமற் போயின, ஏன் போயின என்று குறித்து வருதல் நலம். இரண்டாவது லென்சு எதுவென்பதை அக்குறிப்பே காட்டிவிடும்.

மிகச் சிறிய பொருள்கள்

பூச்சியின் இறகு நரம்பு, பூவின் மகரந்தப்பை, செதிற்பூச்சி, கனிமத் துணுக்கின் படிகமுகம் ஆகியவற்றிற்கு மூன்றில் ஒரு பங்கு உருப்பெருக்கம் போதாது. இவற்றிற்கென அமைந்தது மேக்ரோ லென்சு. இது பொருளின் அளவுக்குச் சமமான உருவைச் சென்சாரில் வீழ்த்தும். ஒரு மில்லிமீட்டர் நுண்கூறு 255 புள்ளிகளைப் பெறும். 60 மி.மீ., 90 மி.மீ., 100 மி.மீ., 105 மி.மீ. ஆகியவை வழக்கமான குவியத்தூரங்கள். குவியத்தூரம் மிகுந்தால் பொருளுக்கும் லென்சுக்கும் இடையே உள்ள வெளியும் மிகும். அசையாத செடிக்கும் கல்லுக்கும் 60 மி.மீ. போதுமானது, பறந்துவிடக்கூடிய பூச்சிக்கு 90 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்டது ஏற்றது.

மேக்ரோ லென்சு வாங்கப் பொருள் வசதியில்லாதபோது நீட்டிப்புக் குழாய் உதவும். இது கண்ணாடி ஏதுமற்ற ஒரு வெற்றுக்குழாய். லென்சுக்கும் காமிராவுக்கும் இடையே மாட்டப்படுவது. லென்சின் குவியத்தைத் தொலைவெல்லையில் வைத்திருக்கும்போது, குழாயின் நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 50 மி.மீ. லென்சுடன் 25 மி.மீ. குழாயை மாட்டினால் உரு பொருளின் பாதியளவாகும், 50 மி.மீ. குழாயை மாட்டினால் சம அளவாகும். மின் இணைப்பு முனைகள் உள்ள குழாய்களையே வாங்க வேண்டும். அவை இல்லாவிடில், லென்சின் துவாரத்தைக் காமிராவிலிருந்து மாற்றுதல் பெரும்பாலான புதிய லென்சுகளில் இயலாது.

அண்மைப் படங்களில் தெளிவாக விழும் ஆழம் மிகக் குறைவு. சம அளவு உருப்பெருக்கத்தில், எஃப் 8 துவாரத்தில், அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகும். துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினால் ஆழம் கூடும்; ஆனால் ஒளியின் விளிம்பு விலகலால் படம் முழுவதும் மழுங்கிவிடும். ஆகவே எஃப் 8 முதல் எஃப் 11 வரை வைத்துக்கொண்டு, இலையின் பரப்பு சென்சாருக்கு இணையாக அமையுமாறு காமிராவைப் பிடித்தல் வேண்டும்.

தொலைவிலுள்ள பொருள்கள்

நெருங்க இயலாதவற்றிற்கும் நெருங்கக் கூடாதவற்றிற்கும் டெலிபோட்டோ லென்சு தேவை. இராசஸ்தானத்தில் பரத்பூரிலுள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவின் நீர்நிலைகளில் குளிர்காலத்தில் உள்ளான் இனப் பறவைகள் வந்து தங்குகின்றன. அவற்றுள் சில ஒன்றையொன்று மிகவும் ஒத்தவை. கண்ணுக்கு மேலுள்ள வெண்கோட்டின் நீளம் போன்ற சிறு அடையாளங்களைக் கொண்டே பிரித்தறியத் தக்கவை. 20 செ.மீ. நீளப் பறவையொன்று 20 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். 55 மி.மீ. லென்சில் பறவை முழுவதற்குமே சுமார் 140 புள்ளிகள்தாம் கிடைக்கும், 3 மி.மீ. அகல வெண்கோட்டுக்கு 2 புள்ளிகளே. 300 மி.மீ. லென்சில் பறவை 765 புள்ளிகளையும் வெண்கோடு 11 புள்ளிகளையும் பெறும். இங்குதான் புதிய லென்சு உண்மையில் தேவைப்படுகிறது.

தொடக்கநிலையினர்க்கு 55-200 மி.மீ., 55-250 மி.மீ., 70-300 மி.மீ. ஆகிய ஜூம் லென்சுகள் உள. பறவைகளே முதன்மையான பணியாயின் 300 மி.மீ. வரை செல்லும் லென்சையே தேர்ந்தெடுத்தல் நன்று. 300 மி.மீ. நிலையில் கிடைமட்டப் பார்வைக்கோணம் ஏறக்குறைய 4.5 பாகையே ஆதலால், கையின் சிறு அசைவும் படத்தைக் குலைத்துவிடும். முழுச்சட்ட அளவுக்கு மாற்றிய குவியத்தூரத்தின் தலைகீழ் எண்ணே ஷட்டர் திறந்திருக்கத்தக்க உச்ச நேரம் என்பது பழகிய விதி. 300 × 1.5 = 450; எனவே 1/500 வினாடியோ அதற்கும் குறைவோ வேண்டும். அசைவு தடுக்கும் அமைப்புள்ள லென்சு இந்நேரத்தை நீட்டிக்க உதவும். ஆனால் அது கையின் அசைவை மட்டுமே ஈடுசெய்யும். பறவையின் அசைவைத் தடுக்காது.

கூட்டை நெருங்கினால் தாய்ப்பறவை முட்டைகளை விட்டகலக்கூடும். ஆதலால், நீண்ட லென்சு பறவையின் பாதுகாப்புக்கும் உரிய கருவியாகும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்துள் புகைப்படம் எடுப்பதற்காக நுழைய அனுமதி பெற வேண்டும் என்பதையும் பணியாளர் நினைவிற் கொள்ள வேண்டும்.

வகுப்பறையும் மங்கிய ஒளியும்

உடன்வரும் ஜூம் லென்சு 55 மி.மீ. முனையில் எஃப் 5.6 துவாரத்துக்கு மேல் திறவாது. எஃப் 1.8 துவாரமுள்ள ஒற்றைக் குவியத்தூர லென்சோ அதனினும் ஒன்பது மடங்குக்கு மேற்பட்ட ஒளியை ஏற்கும். ஜன்னல் வெளிச்சம் மட்டுமே உள்ள வகுப்பறையில், பயன்தரும் படத்துக்கும் கலங்கிய படத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

50 மி.மீ. எஃப் 1.8 லென்சு மலிவானது. ஆதலால் பலரும் அதனையே வாங்குகின்றனர். ஆயினும் சிறிய சென்சாரில் அதன் பார்வை வகுப்பறைக்குக் குறுகியதாகும். ஒரு லென்சு ஏற்கும் காட்சியின் அகலத்தை அறிய, தூரத்தைச் சென்சாரின் அகலத்தால் பெருக்கிக் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். 5 மீட்டர் தூரத்தில் 50 மி.மீ. லென்சு ஏறக்குறைய 2.35 மீட்டர் அகலத்தையும், 35 மி.மீ. லென்சு 3.36 மீட்டர் அகலத்தையும் ஏற்கும். மாணவர் குழு செய்யும் சோதனையைப் படமெடுக்க 35 மி.மீ. எஃப் 1.8 லென்சே பொருத்தமானது. முழு வகுப்பையும் எடுக்க வேண்டின், உடன்வந்த லென்சின் 18 மி.மீ. முனை 6.5 மீட்டர் அகலத்தை ஏற்கும்.

காமிராவில் அமைந்துள்ள சிறிய பிளாஷ் விளக்கை நம்பி இருண்ட அறையில் படமெடுத்தல் தகாது. இவ்விளக்குகளின் வழிகாட்டி எண், ஐ.எஸ்.ஓ. 100 நிலையில், மீட்டர் கணக்கில் சுமார் 12 ஆகும். அதனைத் துவார எண்ணாகிய 5.6ஆல் வகுத்தால் 2 மீட்டருக்குச் சற்று மிகுதியான தூரமே கிடைக்கும். உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 400 ஆக உயர்த்தினால் அத்தூரம் இரட்டிக்கும். எனினும் ஒளிச்செறிவு தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 2 மீட்டரில் அமர்ந்துள்ள மாணவன் 6 மீட்டரில் உள்ளவனைவிட ஒன்பது மடங்கு ஒளி பெறுவான். முன்வரிசை வெளுத்தும் பின்வரிசை இருண்டும் காணப்படும். இவ்விதியை மாணவர்க்கு விளக்க அப்படமே நல்ல சான்றாகும்.

தாள்களும் தட்டையான பொருள்களும்

உலர்தாவரத் தாள், நிலப்படம், பழைய பதிவேடு ஆகியவற்றைப் படமெடுக்க 50 மி.மீ. லென்சு ஏற்றது. அகலக்கோண லென்சு நேர்கோட்டை வளைத்துக் காட்டக்கூடும். இந்தியாவில் வழங்கும் உலர்தாவரத் தாள் ஏறக்குறைய 42 × 28 செ.மீ. அளவினது; இதன் நீள அகல விகிதம் சென்சாரின் விகிதத்தோடு ஒத்திருப்பது வசதியாகும். 50 மி.மீ. லென்சை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் செங்குத்தாக நிறுத்தினால் தாள் முழுவதும் அடங்கும். இரு விளக்குகளை இருபுறமும் 45 பாகைச் சாய்வில் வைத்தால் ஒளி சமமாகப் பரவும். பளபளப்பும் லென்சில் விழாது.

அவ்வாறு எடுத்த படத்தில் தாளின் ஒரு மில்லிமீட்டருக்கு 14 புள்ளிகளே அமையும். எனவே முழுத்தாளின் படத்தில் 0.7 மி.மீ.க்குக் குறைந்த நுண்கூறுகளைத் தேடுதல் வீண். பூவின் உள்ளுறுப்புகளுக்கும் இலையடி உரோமங்களுக்கும் தனித்தனி அண்மைப் படங்கள் வேண்டும்.

லென்சும் காமிராவும் பொருந்துதல்

லென்சைக் காமிராவில் இணைக்கும் வாய்க்கு மவுண்ட் என்று பெயர். நிக்கான் நிறுவனத்தின் எஃப் மவுண்ட் 1959இல் வந்தது. கேனன் நிறுவனத்தின் ஈ.எஃப். மவுண்ட் 1987இல் வந்தது. ஒன்றுக்குரிய லென்சு மற்றொன்றில் நேரடியாகப் பொருந்தாது. ஒரே நிறுவனத்துக் கருவிகளுக்குள்ளும் வேறுபாடுகள் உள.

நிக்கானின் டி3000, டி5000 வரிசைகளைச் சார்ந்த தொடக்கநிலைக் காமிராக்களில் குவியம் செய்யும் மோட்டார் இல்லை. பழைய ஏ.எஃப்., ஏ.எஃப்-டி வகை லென்சுகளை அவற்றில் மாட்டலாம். ஆனால் குவியத்தைக் கையாலேயே செய்ய வேண்டும். லென்சினுள் மோட்டார் உடைய ஏ.எஃப்-எஸ் வகை தானே குவியும். ஏ.எஃப்-பி வகையோ பழைய காமிராக்கள் சிலவற்றில் இயங்காது. கேனன் நிறுவனம் 2003இல் சிறிய சென்சார்க் காமிராக்களுக்கென ஈ.எஃப்-எஸ் வகையை வெளியிட்டது. அது முழுச்சட்டக் காமிராவில் பொருந்தாது. ஈ.எஃப். வகை இரண்டிலும் பொருந்தும்.

2018ஆம் ஆண்டில் இவ்விரு நிறுவனங்களும் ஆடியற்ற முழுச்சட்டக் காமிராக்களுக்கெனப் புதிய மவுண்ட்களை அறிமுகப்படுத்தின. அதன்பின் அவற்றின் கவனம் அவ்வழியே திரும்பியது. இதனால் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். லென்சுகள் சந்தையில் மிகுதியாகக் கிடைக்கின்றன. இணைப்பு வளையத்தின் துணையால் அவற்றைப் புதிய காமிராக்களிலும் பயன்படுத்தலாமாதலின், நல்ல லென்சில் இட்ட பணம் காமிரா பழையதானவுடன் வீணாவதில்லை.

பயன்படுத்திய லென்சை வாங்குவோர் அதனுள் ஒரு கைவிளக்கின் ஒளியைச் செலுத்திப் பார்த்தல் வேண்டும். சிலந்தி நூல் போன்ற கிளைத்த இழைகள் தென்பட்டால் அது பூஞ்சையாகும். அத்தகைய லென்சை வாங்கலாகாது. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருத்தலும், குவிய வளையம் சிக்கிச் சுழலுதலும் பழுதின் அறிகுறிகளே.

இன்றியமையாத துணைக்கருவிகள்

முக்காலி: துணைக்கருவிகளுள் முதலில் வாங்கத்தக்கது இதுவே. காமிராவும் மிகக் கனமான லென்சும் சேர்ந்த எடையை உறுதியாகத் தாங்குவதும், கால்களை அகல விரித்துத் தாழ்வாக நிறுத்தத் தக்கதும் ஆகியதொன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய முக்காலி காற்றில் நடுங்கும். நடுத்தண்டில் பையைத் தொங்கவிட்டால் நடுக்கம் குறையும். பொத்தானை விரலால் அழுத்தாமல் 2 வினாடித் தாமத அமைப்பைப் பயன்படுத்தினால் அதிர்ச்சி தவிர்க்கப்படும். முக்காலி கொண்டுசெல்ல இயலாத இடத்தில், பயறோ அரிசியோ நிரப்பிய சிறு துணிப்பையைப் பாறைமீதோ வண்டியின் ஜன்னல்மீதோ வைத்து அதன்மேல் லென்சைச் சாத்தலாம்.

அளவுகோலும் சாம்பல் அட்டையும்: அளவு தெரியாத படம் அரைச் சான்றேயாகும். சென்டிமீட்டர் குறித்த சிறு அளவுகோலைப் பொருளின் அருகில், அது இருக்கும் அதே தளத்தில் வைக்க வேண்டும். முன்னோ பின்னோ வைத்தால் அளவு பிழைபடும். 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டையை ஒரு படத்தில் சேர்த்துக்கொண்டால், மண்ணின் நிறத்தையும் இலையின் நிறத்தையும் பின்னர்ச் சரிபார்க்க இயலும்.

வடிகட்டிகள்: போலரைசர் வடிகட்டி நீர்ப்பரப்பிலும் மெழுகுப்பூச்சுள்ள இலையிலும் தோன்றும் பளபளப்பை அகற்றும். நீரில் இது முழுப்பயன் தருவது, பார்வைக்கோடு நீர்ப்பரப்போடு ஏறக்குறைய 37 பாகை சாயும்போதாகும். இதனால் ஒளி பாதி முதல் காற்பங்கு வரை குறைந்துவிடும். டி.எஸ்.எல்.ஆர். காமிராவுக்கு வட்டப் போலரைசர் வகையையே வாங்க வேண்டும். நேர்வகை, காமிராவினுள் உள்ள பகுதியாடியோடு முரண்பட்டு ஒளியளவையும் குவியத்தையும் பிழைபடுத்தக் கூடும். லென்சைக் காக்கவென விற்கப்படும் மட்டமான புறஊதா வடிகட்டி படத்தில் வீண் ஒளிப்படலத்தை உண்டாக்கும். லென்சுக்குரிய நிழல்மூடி அடியையும் தாங்கும். பக்க ஒளியையும் தடுக்கும்.

நினைவு அட்டையும் மின்கலமும்: பெரிய அட்டை ஒன்றைவிடச் சிறிய அட்டை இரண்டு மேல், ஒன்று பழுதானால் மற்றொன்றேனும் எஞ்சும். அன்றன்று எடுத்த படங்களை அன்றே இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்த பின்னரே அட்டையை அழிக்க வேண்டும். லடாக், ஸ்பித்தி போன்ற குளிர்ப்பகுதிகளில் மின்கலத்தின் ஆற்றல் விரைவில் குன்றும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில் உடல்வெப்பம் படுமாறு வைத்திருத்தல் வேண்டும். புறப்படுமுன் காமிராவின் கடிகாரத்தைச் சரிபார்த்தலும் கடமையாகும். தேதி பிழைபட்ட பதிவு பிறகு திருத்த அரியது.

ஈரமும் தூசும்

மேகாலயா, கொங்கணம், அந்தமான் போன்ற ஈரப்பகுதிகளில் லென்சின் பெரும்பகை பூஞ்சையே. இது கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், அரிக்கப்பட்டது மீளாது. தோற்பையும் துணிப்பையும் ஈரத்தை ஈர்ப்பன. பயணம் முடிந்தபின் லென்சை அவற்றினுள் வைத்திருத்தலாகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் சிலிகா ஜெல்லும் சிறு ஈரமானியும் இட்டு, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு காத்தல் வேண்டும். நீலவகை சிலிகா ஜெல் ஈரத்தால் இளஞ்சிவப்பாகவும், ஆரஞ்சுவகை பச்சையாகவும் மாறும். அப்போது அதனைச் சுமார் 120 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமான வெளிக்குக் காமிராவைக் கொண்டுசெல்கையில், மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தெடுத்துச் சென்று, வெளிவெப்பத்தை அது அடைந்தபின் திறந்தால் கண்ணாடியில் நீர்த்துளி படியாது.

தார்ப்பாலைவனம் போன்ற தூசுமிக்க இடங்களில் லென்சை மாற்றுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். மாற்ற நேரின், காற்றுக்குப் புறங்காட்டி, காமிராவின் வாய் கீழ்நோக்குமாறு பிடித்து விரைவாக மாற்றுக. ரப்பர்க் காற்றுப்பந்தால் தூசியை ஊதியகற்றிய பின்னரே மென்துணியால் துடைக்க வேண்டும். மணற்றுகள் இருக்கத் துடைத்தால் கண்ணாடி கீறும். வாயால் ஊதினால் எச்சில் படியும்.

வாங்கும் ஒழுங்கு

ஒதுக்கப்பட்ட தொகை முழுவதையும் காமிராவில் செலவிடுதல் தவறு. முதலில் காமிராவும் 18-55 மி.மீ. லென்சும், அவற்றோடு மாற்று மின்கலம், இரண்டு அட்டைகள், அளவுகோல், காற்றுப்பந்து, உலர்பெட்டி, அடுத்து நல்ல முக்காலி, அதன்பின் ஒரே ஒரு சிறப்பு லென்சு என்பதே தக்க ஒழுங்கு. பயிர்நோய், பூச்சி, தாவரம் ஆகியவற்றில் பணிபுரிவோர்க்கு அச்சிறப்பு லென்சு மேக்ரோ அல்லது 50 மி.மீ. லென்சும் நீட்டிப்புக் குழாயும் ஆகும். பறவை, விலங்கு ஆகியவற்றைக் கணக்கெடுப்போர்க்கு 300 மி.மீ. வரை செல்லும் ஜூம் ஆகும். ஆசிரியர்க்கு 35 மி.மீ. எஃப் 1.8 லென்சு ஆகும்.

பயிற்சி

1. 12 செ.மீ. நீளத் தவளை ஒன்று 3 மீட்டர் தூரத்தில் உள்ளது. அதன் கண் 8 மி.மீ. குறுக்களவுடையது. 55 மி.மீ. லென்சில் தவளையும் அதன் கண்ணும் எத்தனை புள்ளிகளில் பதியும்?

2. 50 மி.மீ. லென்சுடன் 20 மி.மீ. நீட்டிப்புக் குழாய் மாட்டப்பட்டுள்ளது. 3 மி.மீ. நீளப் பூச்சி எத்தனை புள்ளிகளில் பதியும்?

3. 90 செ.மீ. அகலக் கல்வெட்டை 2 மீட்டர் தூரத்திலிருந்து எடுக்க வேண்டும். 35 மி.மீ. லென்சில் அது அடங்குமா? 55 மி.மீ. லென்சில் அடங்குமா?

விடைகள்: 1. தவளை சுமார் 560, கண் சுமார் 37. 2. உருப்பெருக்கம் 0.4, சுமார் 306. 3. 35 மி.மீ. லென்சு 1.34 மீட்டர் அகலத்தை ஏற்பதால் அடங்கும், 55 மி.மீ. லென்சு ஏறக்குறைய 85 செ.மீ. மட்டுமே ஏற்பதால் அடங்காது.